நால்வரும் ஒரே இடத்தில் மறப்பார்களா?

1623 நவம்பர் மாதம். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே கோவாவிலிருந்து இக்கேரிக்குச் சென்றுகொண்டிருந்தார். கேளடி நாயக்கர் மரபின் அரசர் வேங்கடப்ப நாயக்கரிடம் போர்த்துக்கீசியர் அனுப்பிய தூதுக்குழுவோடு அவரும் பயணப்பட்டிருந்தார். வழியில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் பயில்வதைக் கண்டு நின்றுவிட்டார். தரையில் நுண்மணல் பரப்பப்பட்டிருந்தது. ஒருவன் பாடத்தை இராகமிட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத, மற்ற மூவரும் அவனைப் பின்பற்றிச் சொல்லி எழுதினர். இடம் நிறைந்ததும் எழுத்தை அழித்து, மணல் தூவி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். அருகில் ஆசிரியர் இல்லை. நீங்கள் எல்லோருமே மாணவர்கள், பாடத்தில் எங்கேனும் தவறினால் யார் திருத்துவார் என்று தெல்லா வல்லே கேட்டார். நால்வரும் ஒரே இடத்தில் மறப்பதற்கோ தவறுவதற்கோ வாய்ப்பில்லை. ஒருவன் பிசகினால் இன்னொருவன் திருத்துவான். அதற்காகத்தான் சேர்ந்து படிக்கிறோம் என்று பிள்ளைகள் விடையிறுத்தனர். அவர்கள் சொன்னது உண்மைதான் என்று அவர் தம் பயணக்குறிப்பில் எழுதிவைத்தார்.

கற்றலைப் பற்றி இந்நாட்டில் சொல்லப்பட்ட கூர்மையான கூற்றுகளுள் ஒன்றாக இந்த விடையை நான் கருதுகிறேன். அதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அந்த ஓட்டையைப் பற்றியதுதான் இந்த நீள்பதிவு.

இதை இப்போது எழுதத் தூண்டியது, பல்கலைக்கழகத் துறைகளின் இணையக் குழுக்களில் அடிக்கடி எழும் ஒரு விவாதம். ஒலிப்பதிவை அளக்கும் மென்பொருள், பைத்தான் நிரல், ஆய்வேட்டை வடிவமைக்கும் லேட்டெக்ஸ் என்று கருவிகள் பெருகிவிட்டன. புதிதாக வந்த மாணவர் கேட்கும் ஐயத்துக்கு, அவருக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தவர் விடை சொல்லலாமா? ஓராண்டாவது பழகாதவர் வாய் திறக்கக் கூடாது என்று விதி வகுக்க விரும்புவோர் திருமூலரின் குருட்டு உவமையைத் துணைக்கு அழைக்கின்றனர். யாரும் சொல்லலாம், அதுதான் சனநாயகம் என்போரும் இருக்கின்றனர். இரு தரப்பினரும் இதை இணையம் பெற்றெடுத்த சிக்கலாகவே பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் உலகளாவிய கல்விச் சோதனை ஒன்று இதே கேள்வியின்மேல் நடந்தது. அது தொடங்கிய இடம் சென்னை எழும்பூர்.

எழும்பூருக்குப் போகுமுன் நன்னூலைக் கொஞ்சம் புரட்டிவிடலாம். அதன் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு மாணவனின் புலமை எவ்வாறு நிறைகிறது என்பதற்குக் கணக்கே போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருகிறது. வடமொழியிலும் இதையொத்த சுலோகம் ஒன்று வழங்குகிறது. அங்கும் நான்கு கால்கள்தாம், பங்கீடு மட்டும் வேறு: ஆசிரியரிடமிருந்து கால், தன் அறிவால் கால், உடன்பயில்வோரிடமிருந்து கால், காலப்போக்கில் கால். சொந்த அறிவுக்கும் காலத்துக்கும் வடமொழி ஒதுக்கிய இரண்டு பங்குகளையும் நன்னூல் எடுத்துரைத்தலுக்கே கொடுத்துவிட்டது. பவணந்தியின் கணக்குப்படி, விடை கேட்பவரைவிடச் சொல்பவருக்கே ஆதாயம் மிகுதி. விடை சொல்வதை முதலாமாண்டு மாணவருக்குத் தடை செய்தால் அவருடைய கல்வியில் பாதியைப் பறிக்கிறோம். ஆனால் அந்த அரைப்பங்குக்கு நன்னூலார் ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறார். ‘செவ்விதின்’ உரைக்க வேண்டும். செம்மையாக உரைத்தானா என்பதை யார் பார்ப்பது?

ஆன்ட்ரூ பெல் 1753இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைகள் விடுதியின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு, பெரும்பாலும் இந்தியத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். உதவி ஆசிரியர்களோடு பெல்லுக்கு ஒத்துப்போகவில்லை; சொன்னதைச் செய்ய மாட்டார்கள், செய்தாலும் பழைய வழியில்தான் செய்வார்கள். ஒருநாள் ‘மலபார்’ பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அவர் பார்த்தது திண்ணைப் பள்ளி. விடுதிக்குத் திரும்பி, அரிச்சுவடி வகுப்பை மணலில் நடத்துமாறு சொன்னார். அது இயலாது என்றார் ஆசிரியர். பெல் அவரோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். படைவீரன் ஒருவனின் மகன் அவன். அதே விடுதியின் மாணவன். ஆசிரியரால் இயலாது என்றது அவனுக்கு இயன்றது. பிறகு வகுப்பு வகுப்பாக மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கலாயினர்.

பெல் 1796இல் சென்னையை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு லண்டனில் தம் சோதனையைப் பற்றிய சிறுநூலை அச்சிட்டார். ஒரு பள்ளியோ குடும்பமோ, ஆசிரியர் அல்லது பெற்றோரின் மேற்பார்வையில், தனக்குத் தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்பது அதன் நெடுந்தலைப்பின் சாரம். மேற்பார்வை என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ‘தனக்குத் தானே’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

ஃபிரிஸ்கெனால் எப்படி முடிந்தது? சிறுவனின் திறமை, ஆசிரியரின் சோம்பல் என்று பெல்லின் அபிமானிகள் காரணம் சொன்னார்கள். எனக்கு மணல்தான் காரணமாகப் படுகிறது. ஓர் எழுத்தை எழுதிக் காட்டி அதைப் போலவே எழுதச் சொன்னால், பிழை அங்கேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது. வளைவு கோணியிருக்கிறது, அல்லது கோடு குறைகிறது. அதைக் காணப் பேரறிவு வேண்டாம், மாதிரி எழுத்து பக்கத்தில் இருந்தால் போதும். தானும் அண்மையில்தான் அந்த வளைவில் தடுக்கி எழுந்தவன் என்பதால், எங்கே கை தடுமாறும் என்பது ஃபிரிஸ்கெனுக்குத் தெரிந்திருக்கும். தடுக்கியது மறந்துபோன ஆசிரியரைவிட அவன் நல்ல துணை.

இங்கிலாந்தில் இம்முறையைப் பெருந்தொழிற்சாலை போல் விரித்தவர் ஜோசஃப் லாங்காஸ்டர் என்ற குவேக்கர். லண்டன் பரோ சாலையில் அவர் நடத்திய பள்ளியில் ஓராசிரியரும் நூற்றுக்கணக்கான சிறுவர்களும் இருந்தனர். இடையில் மாணவ உதவியாளர்கள். ஆயிரம் பேருக்கும் ஒரே ஆசிரியர் போதும் என்பது அவரது பெருமிதம். அரிச்சுவடி வகுப்புக்கு அங்கும் மணல்பலகைதான். கோயில் மண்டபத்து மணல் தேம்ஸ் கரைக்குப் போய்விட்டது. முறையை முதலில் கண்டவர் யார் என்று பெல்லின் ஆங்கிலிக்கத் திருச்சபை ஆதரவாளர்களும் லாங்காஸ்டரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் துண்டறிக்கைப் போர் நடத்தினர். கோல்ரிட்ஜ், சதே போன்ற கவிஞர்கள் பெல்லின் பக்கம் நின்றனர். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. 1811இல் பெல் தரப்பின் தேசியச் சங்கமும், 1814இல் மற்றத் தரப்பின் பிரித்தானிய, அயல்நாட்டுப் பள்ளிச் சங்கமும் நிலைபெற்றன. நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்சு இதை எடுத்துக்கொண்டது. 1820களில் லாங்காஸ்டரே பொலிவரின் ஆதரவோடு கராகஸ் நகரில் பள்ளி நடத்தினார். பரவிய வேகத்துக்குக் காரணம் கல்விக்கொள்கை அன்று, சிக்கனம். ஆசிரியர் ஊதியத்தை மிச்சப்படுத்தும் முறை எந்த அரசுக்குத்தான் கசக்கும்?

சரிவும் விரைவாகவே வந்தது. 1839இல் பிரித்தானிய அரசின் கல்விக் குழுவுக்குச் செயலாளரான ஜேம்ஸ் கே-ஷட்டில்வர்த், சிறுவர்களே ஆசிரியராக இருக்கும் ஏற்பாட்டை மாற்ற விரும்பினார். 1846இல் வந்த மாணவ-ஆசிரியர் திட்டப்படி, 13 வயதான ஒருவர் தலைமை ஆசிரியரின்கீழ் ஐந்தாண்டு தொழில் பழக வேண்டும். அவர் மாணவர்க்குக் கற்பிப்பார், தலைமை ஆசிரியர் அவருக்குத் தனியே பாடம் சொல்வார், அரசு ஆய்வாளர் வந்து இருவரையும் சோதிப்பார். கற்பிக்கும் மாணவன் தொடர்ந்தான். அவனைக் கேட்கும் செவி ஒன்று, ஊதியம் பெற்று, மறுபடி வகுப்பறைக்குள் வந்தது.

மணலில் எழுத்துப் பழக்குவதில் வென்ற முறை எங்கே தோற்றது என்பதற்கு இங்கிலாந்தைவிட நம் ஆவணங்களே தெளிவான சான்று தருகின்றன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த குறிப்பின்படி 1,28,50,941 மக்கள்தொகையில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். தரம்பால் 1983இல் இவ்வறிக்கைகளை நூலாக வெளியிட்ட பின் அந்த எண்கள் அரசியல் மேடைக்கெல்லாம் போய்விட்டன. எண்களுக்குப் பின்னால் இருக்கும் விவரிப்புகளைப் படிப்போர் குறைவு. படிக்க வேண்டியது பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை.

முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிப்பதையும், அதனாலேயே அவர்களின் அறிவு உறுதிப்படுவதையும் கேம்ப்பெல் மனமாரப் பாராட்டுகிறார்; இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்கிறார். பவணந்தியைப் படிக்காமலே பவணந்தியின் கணக்கைச் சொல்லிவிட்டார். அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் வருகிறது. பிள்ளைகள் செய்யுள் நூல்களைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் தெரிவதில்லை. செய்யுள்மொழி வேறு, பேச்சுமொழி வேறு. அசைகளை உச்சரிக்கத் தெரிகிறது, சொல் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. விளக்கக்கூடிய ஆசிரியர்களும் மிகச் சிலரே என்கிறார். மொழியியல் படித்த எவருக்கும் இந்தப் பத்தி பரிச்சயமான வலியைத் தரும். ஆட்சியரின் காலனியப் பார்வையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவர் சுட்டும் வேறுபாடு நிற்கிறது. ஒப்பித்தலில் ஒரு வரி விட்டுப்போனால் பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியும். பொருள் விட்டுப்போனால் எவனுக்கும் தெரியாது, ஏனென்றால் அது எவனிடமும் இருந்ததில்லை.

கோயில் மண்டபத்துப் பிள்ளைகள் சொன்ன விடையின் ஓட்டை இதுதான். நால்வரும் ஒரே இடத்தில் *மறக்க* மாட்டார்கள். ஒரே இடத்தில் *அறியாமல்* இருக்கலாம். தெல்லா வல்லே தம் குறிப்பில் ஒரு விவரத்தைப் பதிந்திருக்கிறார், மேற்கோள் காட்டுவோர் பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள்: நால்வரும் முன்னரே ஆசிரியரிடம் ஒரே பாடத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் மண்டபத்தில் செய்தது கேட்டதைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. கேட்காததைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்கள் ஏற்கவில்லை. (அந்த நால்வர் வட்டத்துக்குள் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணை பொதுவாக மூடியே இருந்தது. பரஸ்பரக் கல்வியைப் பொற்காலமாகப் பாடுவோர் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிச் செல்லலாகாது.)

1967இல் எஸ். பிட் கார்டர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த வேறுபாடு நம் துறையில் பாடநூல் செய்தி. இரண்டாம் மொழி கற்பவர் செய்வனவற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று நழுவல்: தெரிந்தும் களைப்பாலோ பரபரப்பாலோ தவறுவது. மற்றொன்று பிழை: கற்பவரின் மனத்தில் அப்போது உருவாகியிருக்கும் விதியே அப்படி இருப்பதால் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது. நழுவல்கள் ஆளுக்கு ஆள் சிதறும். பிழைகள் கூட்டமாக ஓரிடத்தில் விழும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நால்வர் தமிழ் கற்கத் தொடங்கினால், நால்வரும் ‘நான் தெரியும்’ என்றே சொல்லக்கூடும். ஒருவர் மற்றவரைத் திருத்த மாட்டார். நால்வர் காதுக்கும் அது சரியாகவே ஒலிக்கும். ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஐந்தாவது ஆள் ஒருவர் வர வேண்டும்.

இப்போது நம் குழுக்களுக்கு வருவோம். பைத்தான் நிரல் ஓடவில்லை என்று ஒருவர் கேட்கிறார். வரிகளின் உள்தள்ளல் ஒழுங்காக இல்லை என்று இரண்டு வாரம் படித்த ஒருவர் சொல்கிறார். கேட்டவர் திருத்திப் பார்க்கிறார். ஓடுகிறது, அல்லது மறுபடி பிழைச்செய்தி வருகிறது. கணினியே மணலாக இருக்கும் இடம் இது. இங்கே புதியவரை வாய்மூடச் சொல்வது ஃபிரிஸ்கெனை வகுப்பிலிருந்து வெளியே அனுப்புவதற்குச் சமம்.

இன்னொரு கேள்வி. ஒலியியல் ஆய்வில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில் உயிரொலிகளின் ஃபார்மன்ட் அளக்கும்போது, மேல்வரம்பை மாற்ற வேண்டுமா? வேண்டாம், இருக்கிறபடியே விடுங்கள், எனக்கு நன்றாக வந்தது என்று மற்றொரு புதியவர் சொல்கிறார். இருக்கிறபடி இருப்பது 5500 ஹெர்ட்ஸ். அது சராசரி வயதுவந்த பெண் குரலுக்கு ஏற்றது. ஆண் குரலுக்கு 5000 அளவில் வைக்குமாறும், சிறு குழந்தைகளுக்கு இன்னும் மிகுதியாக வைக்குமாறும் அதன் கையேடே அறிவுறுத்துகிறது. ஆண் குரலை 5500இல் அளந்தால் தாழ்ந்த அதிர்வெண் பகுதியில் ஃபார்மன்ட்கள் தவறிப்போகக்கூடும். ஊகாரம் போன்ற ஒலிகளில் இது வினையாகும். ஆனால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. எண்கள் வரும், அட்டவணை நிறையும், வரைபடம் அழகாக இருக்கும். குழுவில் உள்ள நால்வரும் அதே இயல்மதிப்பில் அளந்திருப்பதால் நால்வருக்கும் ‘நன்றாக வந்தது’. நால்வரும் ஒரே இடத்தில் தவறுவதற்காகவே செய்துவைத்தது போன்ற ஏற்பாடு. ஆய்வேட்டின் நான்காம் இயல் அதன்மேல் எழும்பும்.

எனவே விடை சொல்பவர் புதியவரா பழையவரா என்ற கேள்வி எனக்கு இரண்டாம்பட்சம். சொன்ன விடை தவறானால் அது தன்னைக் காட்டிக்கொடுக்குமா என்பதே முதற்கேள்வி. காட்டிக்கொடுக்கும் இடங்களில் புதியவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். காட்டிக்கொடுக்காத இடங்களிலும் சொல்லட்டும், ஆனால் அங்கே அறிந்த ஒருவரின் கண் அந்த விடைமேல் பட வேண்டும். அந்தக் கண்ணை வழங்கக் கடமைப்பட்ட மூத்தோர், ஓராண்டுத் தடை என்ற விதியால் தம் கடமையை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். புதியவரை மௌனமாக்குவது எளிது. வாரம் ஒருமணி நேரம் உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் படிப்பதுதான் கடினம். லாங்காஸ்டர் மிச்சப்படுத்த நினைத்ததும் இந்த ஒருமணி நேரத்தைத்தான்.

வாக்களிப்பு இதைத் தீர்க்கும் என்று சிலர் சொல்கிறார்கள். 2008இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தின் அடிப்படை அதுதான்: யாரும் விடை எழுதலாம், நல்லதைப் பிறர் வாக்கிட்டு மேலேற்றுவர். நால்வர் தத்துவத்தை ஆயிரக்கணக்கானோருக்கு விரித்த அமைப்பு. நழுவல்களை அது அருமையாகத் திருத்துகிறது. எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் தவறான எண்ணத்துக்கு வாக்குகள் குவியவும் செய்கின்றன. அங்கே நெடுங்காலம் இருந்த ஒரு விதி எனக்கு விநோதமாகத் தோன்றுவதுண்டு. புதிதாகச் சேர்ந்தவர் அன்றே விடை எழுதலாம். ஆனால் பிறர் பதிவின்கீழ் ஒரு கருத்துரை இட்டு ‘இதைக் கொஞ்சம் விளக்குங்கள்’ என்று கேட்க 50 மதிப்புப் புள்ளிகள் ஈட்டியிருக்க வேண்டும். கேட்பதற்குத் தகுதி வேண்டும், சொல்வதற்கு வேண்டாம்! குப்பைக் கருத்துரைகளைத் தடுக்க வந்த விதி என்பது புரிகிறது. ஆனாலும் திண்ணை வாத்தியார் எவரும் இந்த வரிசையை ஒப்பியிருக்க மாட்டார். 2022 டிசம்பரில் அதே தளம், சாட்ஜிபிடி எழுதிய விடைகளை இடுவதற்குத் தடை விதித்தது. அவை பெரும்பாலும் தவறாக இருந்தும் சரியானவை போலவே தோற்றமளித்தன என்பதே சொல்லப்பட்ட காரணம். வடிவில் குறையில்லாமல், பொருளில் பிழையோடு. கேம்ப்பெல்லின் பெல்லாரிப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு சொல்வரலாறு. திண்ணைப் பள்ளியில் பிறருக்குப் பாடம் சொல்லவும் அடக்கி வைக்கவும் ஆசிரியர் அமர்த்திய மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். மலையாளத்தில் சட்டம்பி. கேரளத்தின் சமயச் சீர்திருத்தவாதி சட்டம்பி சுவாமிகள் (1853–1924) அப்பெயரைப் பெற்றதே, பேட்டையில் இராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் அந்தப் பொறுப்பை வகித்ததால்தான். இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் அடாவடிக்காரன், ரவுடி. தமிழ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் ஒரு நாடு பிற நாடுகளை மிரட்டினால் நம் தலையங்கங்கள் சட்டாம்பிள்ளைத்தனம் என்று எழுதுகின்றன. உடன்பயில்வோனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனின் பெயர், இரு மொழிகளிலும் தனித்தனியாக, அதிகாரத்தின் பெயராகத் திரிந்துவிட்டது. விடை சொல்வது ஒருவனுடைய நிலையான பதவியாகி, அவனைக் கேட்பாரும் இல்லாதபோது நடந்தது என்ன என்பதை அகராதி இப்படிப் பதிந்து வைத்திருக்கிறது. குழுவில் இருநூறு கேள்விகளுக்கு விடை சொன்ன பின் இருநூற்றோராவது விடையை எவரும் சரிபார்ப்பதில்லை என்ற நிலையை எட்டியவர்களை நீங்களும் அறிவீர்கள்.

தெலுங்கு, கன்னடம், துளு வட்டாரங்களில் இந்தப் பொறுப்புக்கு வழங்கிய சொற்களையும், அவற்றின் இன்றைய பொருளையும் திரட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மூத்தோர் எவரேனும் திண்ணைப் பள்ளியில் பயின்றிருந்தால், அவர்கள் சட்டாம்பிள்ளையை என்ன சொல்லி அழைத்தார்கள், அவனை யார் திருத்தினார்கள் என்பதை ஊர்ப்பெயரோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள்.